மழை விசாரிக்காத கடிதம்

திருவண்ணாமலை,
11.6.2023

அன்புள்ள அக்காவுக்கு, செல்வி எழுதுவது. நான், அவர், எழில் மூன்று பேரும் சுகம். அப்பாவுக்கு இழுத்துக்கொண்ட வலது கை அப்படியேதான் இருக்கிறது, பசி மட்டும் ஜாஸ்தி. உன் மூட்டுவலியும் காதும் எப்படி? போனில் பேசினால் பாதி உனக்குக் கேட்காது, மீதி உன் மருமகளுக்குக் கேட்டுவிடும் என்று நீயே சொன்னாய். அதனால் வழக்கம்போல் பேனாதான்.

விஷயத்துக்கு வருகிறேன். பதினாறு வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் நர்ஸ் வேலைக்குப் போகிறேன். வேங்கிக்காலில் நம் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் முப்பது படுக்கை ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. நர்சிங் கவுன்சில் பதிவைப் புதுப்பித்து எடுத்துப் போனேன். டாக்டர் இளஞ்செழியன் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு, "பதினாறு வருஷம் என்ன பண்ணீங்க?" என்றார். "வீட்ல சும்மாதான் சார் இருந்தேன்" என்றேன். வேறு என்ன சொல்வது? மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாம்.

முதல் நாள் ஒரு தாத்தாவுக்கு நரம்பில் ஊசி ஏற்றும்போது என் கை நடுங்கியது. "மெதுவா குத்தும்மா, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்" என்றார். நல்ல மனுஷன்.

காலை ஏழிலிருந்து இரண்டு மணி வரை வேலை. அதுவரை அவர்தான் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறார். ஜெராக்ஸ் கடை வீட்டு முன்பக்கமே இருப்பதால் முடிகிறது. ஆனால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள். மனு எழுதிக்கொள்ள வருகிற கூட்டத்தில் அவருக்குத் தலை நிமிர நேரமில்லை. அதனால் ஒன்று கேட்கிறேன். நான் வேலையில் ஊன்றுகிற வரை, இரண்டே மாதம், அப்பாவை உன்னிடம் வைத்துக்கொள்கிறாயா? நானே ரயிலில் மகாராஷ்டிரா வரை கூட வந்து புசாவலில் விடுகிறேன்.

மற்றபடி அங்கே மழை உண்டா? இதைக் கேட்காமல் உறையை ஒட்டினால் அப்பா விடமாட்டார். "மழை கேக்காத கடுதாசி தந்தி மாதிரி, யாரோ செத்துட்டாங்கன்னு அர்த்தம்" என்று இப்போதும் குழறிக் குழறிச் சொல்கிறார். மல்லாட்டை பயிரிட்ட நிலத்தை விற்றுப் பத்து வருஷம் ஆகியும் மழைக் கவலை போகவில்லை.

செல்வி


புசாவல்,
24.6.2023

செல்விக்கு அக்கா எழுதுவது. நான், மகன், மருமகள், பேத்தி எல்லோரும் சுகம். உன் மாமா தவறிப்போன பிறகு மருமகள் என்னைத் தங்கமாகத் தாங்குகிறாள். அங்கே அப்பா, மணிவேல், எழில் எல்லோர் சுகத்துக்கும் எழுது.

வேலை விஷயம் படித்தேன். சந்தோஷம்தான், ஆனாலும் மனசு ஒப்பவில்லை. இருபது இருபத்திரண்டு வயசுப் பெண்கள் வரிசையில் நிற்கிற காலத்தில் நாற்பத்தி நாலு வயசுக்காரியை ஒரு டாக்டர் கூப்பிட்டு வேலை கொடுக்கிறான் என்றால் ஏன் என்று யோசித்தாயா? ஆதாயம் இல்லாமல் செட்டி ஆற்றோடு போவானா? நன்றாக வேலை வாங்கிக்கொண்டு மூன்றாம் மாதக் கடைசியில் போய் வா என்பார்கள்.

அப்பாவுக்கு உன் கைதான் பழக்கம். வீட்டிலேயே ஒரு நர்ஸ் இருக்கும்போது அவருக்கு என்ன குறை என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்தப் பழைய விஷயத்தை மட்டும் அங்கே யாரிடமும் வாய் விடாதே. சிரித்துப் பேசுகிறவளை நம்பவே நம்பாதே.

மற்றபடி அங்கே மழை உண்டா? இங்கே தூறலோடு சரி.

ஆசிகளுடன்,
ரேணுகாம்பாள்


திருவண்ணாமலை,
8.7.2023

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன், பழைய விஷயம் என்கிற வரியைத் தாண்டிவிட்டேன்.

நீ சொன்னது பலித்துவிடும் போலிருக்கிறது. வார்டு பொறுப்பு நர்ஸ் தேவிப்ரியாவுக்கு இருபத்தேழு வயசு. என்னை "அக்கா" என்பாள், சிரிப்பாள், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பங்கு கொடுப்பாள். ஆனால் நான் இன்சுலின் எடுத்ததும் பக்கத்தில் வந்து நின்று ஊசியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள். பாட்டிலைத் திருப்பி எழுத்தைப் படிக்கிறாள். பிறகு ஒரு நோட்டில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். மாத்திரைக்கெல்லாம் இப்படி இல்லை, இன்சுலினுக்குத்தான் முக்கியமாக.

உனக்கு மறந்திருக்காது. இன்சுலின் பாட்டிலில் நாற்பது ரகம், நூறு ரகம் என்று இரண்டு உண்டு. நாற்பதுக்குச் சிவப்பு மூடி ஊசி, நூறுக்கு ஆரஞ்சு மூடி ஊசி. பழைய ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நோயாளி வீட்டார் வெளிக்கடையில் நூறு ரகத்தை வாங்கிவந்தார்கள். நான் பழக்கத்தில் சிவப்பு மூடியை எடுத்துவிட்டேன். பதினாறு யூனிட் போக வேண்டிய இடத்தில் நாற்பது போய்விட்டது. அரை மணியில் அந்த அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியபோது நானேதான் கண்டுபிடித்தேன், நானேதான் குளுகோஸ் ஏற்றினேன், நானேதான் டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். சாயங்காலம் அந்த அம்மா எழுந்து காபி கேட்டாள். யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனாலும் என் கையை எனக்கே பிடிக்காமல் போனது. இரண்டு மாதத்தில் மாமியார் விழுந்து படுத்ததும் அதையே சாக்காக வைத்து வேலையை விட்டேன். அந்த டியூட்டி டாக்டர் காலமாகிவிட்டார். அன்று கூட இருந்த கவிநிலாவுக்குத் தெரியும், எழுதியதால் உனக்குத் தெரியும். மூன்றாவது ஆள் இந்தத் தேவிப்ரியாவா?

அப்பாவைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே. ஆவணியிலாவது வைத்துக்கொள்கிறாயா?

மற்றபடி அங்கே மழை உண்டா? இங்கே மேகம் மலையைச் சுற்றிவிட்டுப் போய்விடுகிறது, கிரிவலம் வந்தவர்கள் மாதிரி.

செல்வி


புசாவல்,
20.7.2023

செல்விக்கு அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம், உங்கள் சுகத்துக்கு எழுது. அப்பாவின் சளிக்குத் துளசிச் சாறு கொடு.

படித்ததும் எனக்குப் பகீர் என்றது. தேவிப்ரியாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கவிநிலாதான். வேறு யார்? அவளும் இன்னும் அதே ஊரில்தானே நர்சாக இருக்கிறாள், இரண்டு ஆஸ்பத்திரி நர்சுகளும் ஒரே பஸ்ஸில்தானே போய் வருவார்கள். அவளுக்கு அப்போதே உன் மேல் பொறாமை என்று நீ ஒருமுறை எழுதியிருந்தாய், என்னிடம் அந்தக் கடிதம் பத்திரமாக இருக்கிறது.

அந்தப் பெண் கொடுக்கிற சோற்றைச் சாப்பிடாதே. எழிலுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, அப்பாவுக்கு எண்பத்தொன்று. உனக்கு வீட்டிலேயே ஊருப்பட்ட வேலை இருக்கும்போது, வெளியில் போய் இளசுகளிடம் கைகட்டி நிற்க வேண்டுமா? யோசி.

மற்றபடி அங்கே மழை உண்டா?

ஆசிகளுடன்,
ரேணுகாம்பாள்


திருவண்ணாமலை,
5.8.2023

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே சுகம் என்று எழுத ஆசைதான். அப்பா சுகம். நான் இல்லை.

ஆடிப் பௌர்ணமிக்கு வந்த கூட்டத்தில் கால் கொப்பளித்தவர், மயங்கியவர் என்று வார்டு நிரம்பி வழிந்தது. உட்கார நேரமில்லாமல் வேலை செய்தேன். என் கை நடுங்கவே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? மறுநாள் டாக்டர் கூப்பிட்டார். "உங்களைப் பத்தி ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருக்கும்மா, பழைய வேலையைப் பத்தி" என்றார். காட்டவில்லை, என்ன எழுதியிருக்கிறது என்றும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் முடிவு சொல்கிறேன் என்றார். சரி சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வார்டுக்குத் திரும்பினேன்.

அதிலிருந்து பார்க்கிறவர்களெல்லாம் எழுதினவர்களாகத் தெரிகிறார்கள். தேவிப்ரியா பேனா பிடித்தால் அந்தக் கையைப் பார்க்கிறேன். கேவலத்தைக் கேள், நேற்று என் வீட்டுக்காரரையே சந்தேகப்பட்டேன். "வேலைக்குப் போய்த்தான் ஆவணுமா?" என்று முதலில் கேட்டவர் அவர்தானே, ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவரும் அவர்தானே என்று, அவர் தூங்கும்போது கடை மேஜையில் இருந்த காகிதங்களைப் புரட்டினேன். பட்டா மனுவும் முதியோர் பென்ஷன் மனுவும்தான் இருந்தன. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவரை இப்படி நினைத்துவிட்டேனே என்று அழுதேன்.

நான் என்ன செய்ய? உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியவில்லை. அப்பாவைப் பற்றி மூன்றாவது முறையாகக் கேட்கிறேன், பதில் போடு.

மற்றபடி அங்கே மழை உண்டா?

செல்வி


புசாவல்,
10.8.2023

செல்விக்கு அக்கா எழுதுவது. சுகம், சுகத்துக்கு எழுது. கடிதம் வந்த கையோடு பதில் எழுதுகிறேன்.

மணிவேலைச் சந்தேகப்படாதே, பாவம். கவிநிலாதான், எனக்குச் சந்தேகமே இல்லை. சிவப்பு மூடி, நாற்பது யூனிட் என்று அவ்வளவு விவரமாக எழுத வேறு யாருக்குத் தெரியும்? அவளிடம் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வா.

ஆனாலும் இனி அந்த இடம் உனக்கு வேண்டாம். அவர்கள் போ என்பதற்குள் நீயாக நின்றுவிட்டால் மரியாதை மிஞ்சும். நீ எந்த மனக்குறையும் இல்லாமல் வீட்டில் இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு.

மற்றபடி அங்கே மழை உண்டா?

ஆசிகளுடன்,
ரேணுகாம்பாள்


திருவண்ணாமலை,
2.9.2023

அன்புள்ள அக்காவுக்கு, எல்லோரும் சுகம். அப்பா நேற்று கோலை ஊன்றி வாசல் வரை நடந்தார்.

நீ சொன்னபடி கவிநிலாவைப் பார்க்கப் போனேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரர்கள் வருகிற ஒரு கிளினிக்கில் இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நான் கடுதாசியைப் பற்றிக் கேட்டேன். கேட்ட விதமும் நன்றாக இல்லை. அவள் முகம் அப்படியே விழுந்துவிட்டது. "அன்னிக்கு உன் கூட குளுகோஸ் பாட்டிலப் புடிச்சினு நின்னவடி நானு. இத்தினி வருஷத்துல எங்க வீட்டுக்காரர்கிட்ட கூட சொன்னதில்ல. போடி" என்று அழுதாள். பொய் சொல்கிறவள் அப்படி அழமாட்டாள் அக்கா. தலை குனிந்து வந்துவிட்டேன்.

ஆவணிப் பௌர்ணமி அன்று காலை இன்னொன்று நடந்தது. நெல்லூரிலிருந்து கிரிவலம் வந்த ஒரு அம்மாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. கையோடு சொந்த இன்சுலின் கொண்டுவந்திருந்தார். தேவிப்ரியா ஊசியில் எடுத்துக்கொண்டு என்னிடம் நீட்டி, "அக்கா, பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க" என்றாள். பாட்டிலில் நூறு. ட்ரேயில் கிடந்த மூடி சிவப்பு. "தேவி, ஊசிய கீழ வை" என்றேன். குரல் நடுங்கவில்லை. ஆரஞ்சு மூடி ஊசியைக் கொண்டுவரச் சொல்லி, புதிதாக எடுத்து, நானே போட்டேன்.

அவள் வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க இல்லன்னா இன்னிக்கு என் கதி என்னக்கா?" என்று கையைப் பிடித்தாள். அப்புறம்தான் கேட்டேன், என் ஊசியை மட்டும் ஏன் சோதிக்கிறாய் என்று. அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. இன்சுலின் மாதிரி ஆபத்தான மருந்து எதுவானாலும் இரண்டு பேர் பார்த்து இரண்டு கையெழுத்துப் போடுவதுதான் இப்போதைய முறையாம். அவள் எடுத்தால் இன்னொருத்தி பார்ப்பாள். இத்தனை நாள் நான் நடுங்கிக்கொண்டு தலையைக் குனிந்தே இருந்ததால் மற்றவர்களுக்கும் அப்படித்தான் நடக்கிறது என்பதைக் கவனிக்கவே இல்லை. என் காலத்தில் இந்த முறை இருந்திருந்தால் எனக்குப் பதினாறு வருஷம் போயிருக்காது.

தேவி தானே போய் டாக்டரிடம் சொன்னாள். அவர் என்னைக் கூப்பிட்டு, "எப்படிக் கண்டுபுடிச்சீங்க?" என்றார். பழைய கதையை நானே வாயைத் திறந்து முழுதாகச் சொன்னேன். சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றேன். பிறகு வீட்டில் என்ன செய்தேன் என்று கேட்டார். மாமியார் மூன்று வருஷம் படுக்கை, முதுகில் ஒரு புண் கிடையாது. அப்பாவுக்குப் பக்கவாதம், யூரின் டியூப் மாற்றுவதிலிருந்து நடைப்பயிற்சி வரை நான்தான். "இதுக்குப் பேரு சும்மா இருந்ததாம்மா?" என்றார். நிரந்தரம் ஆக்கிவிட்டார். மேஜையிலிருந்து அந்த மொட்டைக் கடுதாசியை எடுத்து, "உறையை அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டேன். இதை நீங்களே கிழிச்சுப் போடுங்க" என்று கொடுத்தார்.

இன்னும் பிரிக்கவில்லை. பயமாக இருக்கிறது. உனக்குச் சந்தோஷம்தானே அக்கா?

மற்றபடி அங்கே மழை உண்டா?

செல்வி


திருவண்ணாமலை,
10.9.2023

அக்காவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். சுகம் விசாரிக்க இன்று மனசில்லை.

கடுதாசியைப் பிரித்தேன். இடது கையால் எழுதியது மாதிரி கோணல் எழுத்து. சிவப்பு மூடி, நாற்பது யூனிட், எல்லாம் சரியாக இருந்தது. அடியில் பெயர் இல்லை, ஒரு வரியை மட்டும் பேனாவால் அடித்து அடித்து மறைத்திருந்தது. நான் சந்தேகப்பட்ட என் வீட்டுக்காரர்தான் பார்த்துவிட்டு, "மனு எழுதறவங்க அடிச்ச எடத்துலதான் செல்வி உண்மை இருக்கும்" என்று காகிதத்தைத் திருப்பி ஜன்னல் வெயிலில் பிடித்தார். முதலில் எழுதிய அழுத்தம் பின்பக்கம் தெரிந்தது. எழுத்து இடவலம் மாறி இருந்தாலும் படிக்க முடிந்தது.

"மற்றபடி அங்கே மழை"

அந்த வரியை எழுதுகிற கை உலகத்தில் மூன்றுதான். ஒன்று அப்பாவுடையது, அது இப்போது டம்ளரைக் கூடப் பிடிக்காது. ஒன்று என்னுடையது.

அப்புறம் உன் ஆகஸ்ட் கடிதத்தை எடுத்துப் படித்தேன். சிவப்பு மூடி பற்றி அந்தக் கடுதாசியில் இருக்கிறது என்று டாக்டர் எனக்கே சொல்லவில்லை. உனக்கு எப்படித் தெரிந்தது?

ஊரெல்லாம் என்னை சிஸ்டர் என்கிறது. கூடப் பிறந்த சிஸ்டர் என் சோற்றில் மண் போட்டாள். ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது அக்கா. எதையும் மறைக்காமல் உன்னிடம் எழுதினேனே, அதையே எடுத்து என்னைக் குத்தினாயே. உன் பேச்சைக் கேட்டுக் கவிநிலாவை அழவைத்தேனே. அதுதான் எனக்கு ஆறவில்லை.

காரணமும் எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவை இரண்டு மாதம் வைத்துக்கொள்கிறாயா என்று மூன்று முறை கேட்டேன். நீ ஒருமுறை கூட முடியாது என்று எழுதவில்லை. நான் வேலையை விட்டுவிட்டால் நீ பதில் சொல்லவே தேவையில்லை. முடியாது என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதுமே அக்கா. நான் வேறு வழி பார்த்திருப்பேனே.

அப்பாவிடம் சொல்லவில்லை.

அங்கே மழை உண்டா? இந்தக் கோபத்திலும் என் கை அதைத்தான் எழுதுகிறது. உன் கையும் இப்படித்தான் எழுதியிருக்கும்.

அன்புச்செல்வி


புசாவல்,
22.10.2023

செல்வி,

ஆறு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். நான்தான்.

மருமகள் தங்கமாகத் தாங்குகிறாள் என்று எழுதினேனே, அது பொய். உன் மாமா இறந்த அந்த மாதமே என் அறையைப் பேத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். கூடத்தில் படுக்கிறேன். அப்பா வருவதைப் பற்றி நான் பேச்செடுத்ததும், "ஒருத்தரையே வச்சுக்க முடியல" என்று என் காது கேட்காது என்ற தைரியத்தில் அவள் சொன்னாள். அது மட்டும் நன்றாகக் கேட்டது. மகன் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

என் வீட்டில் எனக்கே இடம் இல்லை என்று தங்கைக்கு எப்படி எழுதுவது? மூத்தவள், ரயில்வேக்காரன் பெண்டாட்டி, குவார்ட்டர்ஸ் வீடு என்று ஊரில் தலை நிமிர்ந்து நடந்தவள் நான். உண்மையை எழுதக் கை வரவில்லை, பொய்யை எழுத இடது கை வந்தது. நீ வீட்டிலேயே இருந்துவிட்டால் எல்லாம் அப்படியே இருக்கும் என்று நினைத்தேன். உன் பிழைப்பைப் பற்றி நினைக்கவில்லை. நீ பிழைப்புக்காகப் போகவில்லை, உன் கையை நீ திரும்ப நம்புவதற்காகப் போனாய் என்பது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. எவ்வளவு பெரிய பாவி நான்.

இத்துடன் இரண்டு கடிதம் வைத்திருக்கிறேன். ஒன்று உன் டாக்டருக்கு, ஒன்று கவிநிலாவுக்கு. இரண்டிலும் நடந்ததை எழுதி, என் பெயர், விலாசம், பின்கோடு எல்லாம் போட்டிருக்கிறேன். வலது கையால்.

ஆ. ரேணுகாம்பாள்


திருவண்ணாமலை,
5.11.2023

அன்புள்ள அக்காவுக்கு, நானும் அவரும் எழிலும் சுகம். அப்பா சுகம். நீ எப்படி இருக்கிறாய்? இந்த முறை நிஜத்தை எழுது.

டாக்டருக்கு நீ எழுதியதைக் கொடுக்கவில்லை. அதற்குத் தேவை தீர்ந்துவிட்டது. கவிநிலாவுடையதை நானே கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். இரண்டு முறை படித்தாள். "உங்கக்கா எழுத்து அழகா இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் டீ வாங்கிக் கொடுத்தாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நான் எழுத மாட்டேன். அது தபாலில் வருகிற சமாச்சாரம் இல்லை. நீ நேரில் வந்து என் எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இருபத்தாறாம் தேதி தீபம். அதற்கு முன்னால் வா. பையில் நாலு சேலைக்கு மேலேயே வை, திரும்பிப் போவதைப் பற்றி அப்புறம் பேசலாம். எழில் அறையில் இன்னொரு கட்டில் போடலாம் என்று அவர்தான் சொன்னார். காலை ஏழிலிருந்து இரண்டு வரை அப்பா பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். உனக்கும் ஒரு வீடு வேண்டும்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நீ வந்த பிறகு கொஞ்ச நாளைக்கு, உன் கையால் காபி கொடுத்தால்கூட இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத்தான் குடிப்பேன்.

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்ட முடியவில்லை. ஆனால் தபால்காரர் கொடுத்ததை அவர் பார்த்துவிட்டார். நானாக ஏதோ இட்டுக்கட்டி, எல்லோரும் சுகமாம், தீபத்துக்கு வருகிறாளாம் என்று காகிதத்தைப் பார்த்தபடி வாசித்தேன். முடித்ததும் என் முகத்தையே பார்த்தார். "மழை... மழை கேட்டிருக்காளா?" என்றார். குரலில் பயம் இருந்தது.

"கேட்டிருக்காப்பா" என்றேன்.

நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். இங்கே மூன்று நாளாக நல்ல மழை அக்கா.

செல்வி